ஸ்பானியலுக்கு நடை மட்டும் போதாது, மூக்குக்கும் வேலை வேண்டும்

தத்து எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மடிப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என் கிளினிக்குக்கு வந்தது. நாலு வயது காக்கர் ஸ்பானியல், பொன்னிறம். காப்பகத்தில் அதற்குப் பெயர் இல்லை, இவர்கள் வைத்தது லட்டு.

"டாக்டர், தூக்க மாத்திரை மாதிரி ஏதாவது குடுக்க முடியுமா? ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வீடு பூரா ஓடுது. சோபாவப் பிறாண்டுது. மாமியார் புடவைத் தலைப்ப விட மாட்டேங்குது" என்றார் அந்தப் பெண். கூட வந்த பாட்டி, "பாவம், கெட்டது இல்ல. ஆனா என்னால முடியல கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் லட்டு ஏழெட்டு முறை தலையை உதறியது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். "வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான், சேட்டை" என்று பதில் வந்தது. காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே காப்பிப் பொடி நிறத்தில் பிசுபிசுப்பு, புளித்த மாவு வாடை. பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் முழுக்க ஈஸ்ட். ராத்திரி ஓடியதற்கும் சோபாவில் தலையைத் தேய்த்ததற்கும் பாதிக் காரணம் அங்கே இருந்தது. அதற்கு இருந்தது வலி. வீட்டில் அதைச் சேட்டை என்று நினைத்துவிட்டார்கள்.

நாயின் காதுக்குழாய் நேராக உள்ளே போகாது. கீழே இறங்கி, 'ட' எழுத்துபோல மடங்கி, அப்புறம்தான் செவிப்பறைக்குப் போகும். ஸ்பானியலுக்கு அதன் மேலே கனமான, முடி நிறைந்த காது மடல் மூடிபோலத் தொங்குகிறது. சென்னையின் புழுக்கமும் சேர்ந்தால் உள்ளே காற்றே போகாது. கடலில் விளையாடவிட்டு ஈரத்தோடு அழைத்து வந்தால் கேட்கவே வேண்டாம். காதில் தேங்காய் எண்ணெய் விடுபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை எண்ணெய் பூட்டிவிடும். பட்ஸ் வைத்துக் குடைந்தால் அழுக்கு அந்த மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும். மருத்துவர் தரும் திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்து, மேலே வருவதை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். காதின் உள்பக்க முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் ஆழமாக, வாய் குறுகியதாக இருக்கட்டும். காது வெளியே தொங்கும், சோற்றில் நனையாது.

லட்டுவுக்கு மூன்று வாரம் மருந்து. வலி குறைந்ததும் பாட்டியின் தலைப்பைப் பிடிப்பது நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

காக்கர் ஸ்பானியல் இங்கிலாந்தில் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். வுட்காக் என்ற பறவை, நம் ஊர் உள்ளானின் சொந்தக்காரன், புதருக்குள் பதுங்கியிருக்கும். அதை மோப்பம் பிடித்துக் கிளப்பிவிடுவது இந்த நாயின் வேலை. 'காக்கர்' என்ற பெயரே அந்தப் பறவையிலிருந்து வந்ததுதான். துப்பாக்கிக்காரர் கண்ணில் படும் தூரத்துக்குள் இடமும் வலமுமாக ஓடி ஒவ்வொரு புதரையும் முகர்ந்து பார்க்கும். சுட்டு விழுந்த பறவையைக் கடித்துக் குதறாமல் வாயில் கவ்விக் கொண்டுவரும். இத்தனை தலைமுறையாகச் செய்த வேலை இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகாது. புதர் இல்லை, அதனால் சோபா. பறவை இல்லை, அதனால் புடவைத் தலைப்பு.

பலர் இதற்கு மருந்தாக மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பந்து எறிகிறார்கள். நான் அதை ஆதரிப்பதில்லை. நாய் இன்னும் முறுக்கேறி, மறுநாள் ஒன்றரை மணி நேரம் கேட்கும். வழுக்கும் தரையில் திடீரென்று திரும்பித் திரும்பி மூட்டும் கெடும். அதற்குப் பதில் காலைச் சாப்பாட்டில் பாதியை எடுத்து, பழைய துண்டில் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். மீதியைப் பூந்தொட்டிக்குப் பின்னால், கால்மிதிக்கு அடியில், மாடிப்படியின் மூலையில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் மூக்கால் தேடிய ஸ்பானியல் எப்படிக் களைத்துத் தூங்குகிறது என்று நீங்களே பாருங்கள். நடக்க அழைத்துப்போகும்போதும் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு விளக்குக் கம்பத்தை இரண்டு நிமிடம் முகர்ந்தால் நின்று காத்திருங்கள், அதுதான் அதற்குச் செய்தித்தாள். வாயில் கவ்விக்கொண்டு நடக்க ஒரு துணிப் பொம்மை கொடுங்கள். லட்டுவுக்கு அதைக் கொடுத்த பிறகுதான் பாட்டியின் தலைப்பு தப்பியது.

நேரம் முக்கியம். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கு மேல் இந்த நாயை ரோட்டில் நடத்தாதீர்கள், மாலையில் தார் ஆறும்வரை வெளியே எடுக்காதீர்கள். புறங்கையைத் தார் மேல் வைத்து ஏழு விநாடி தாங்க முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டை இறக்குகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் இந்த ஊரில் அது பாதிதான் வேலை செய்யும். நாயின் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால், அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஸ்பானியல் தானாக நிறுத்தாது, விழும்வரை ஓடும். நிறுத்த வேண்டியது நாம்தான். கோடைக்கு முடியைக் குறைக்கலாம், தோல் தெரிய மழிக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். துறுதுறுவென்று வந்த நாய் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அமைதியாகிவிட்டால், "அப்பாடா, பழகிடுச்சு" என்று நிம்மதி அடைகிறார்கள். பழகியிருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எர்லிகியா கிருமி உண்ணி கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வேலையைக் காட்டும். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, காய்ச்சல், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். ரத்தத் தட்டணுக்கள் சரிந்துகொண்டே போகும். முன்கூட்டிப் பிடித்தால் பெரும்பாலும் நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரையில் சரியாகிவிடும். எத்தனை நாய்கள் இருந்தாலும் அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்திலும் உண்ணியை முழுதாக ஒழிப்பது கடினம். அதனால் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, நோய் எதுவும் தெரியாவிட்டாலும், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஸ்பானியலின் காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, அக்குள், இங்கெல்லாம் தினமும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணில் பீளை ஒட்டிக்கொண்டே இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணீர் வற்றும் நோய் இந்த இனத்தில் அதிகம். ஒரு தாள் பட்டையைக் கண்ணில் ஒரு நிமிடம் வைத்தால் தெரிந்துவிடும், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும்.

கிண்டியில் இருக்கும் ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம், 1959-இல் கேப்டன் சுந்தரம் வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்ததில் தொடங்கியது. இன்று காப்பகங்களில் தெருநாய்களோடு லாப்ரடாரும் பக்கும் ஸ்பானியலும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் கனக்கிறது. குட்டி போட்டே ஓய்ந்த பெண் ஸ்பானியல்கள், காது நாறுகிறது என்று கொண்டுவந்து விட்டவை, வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாதவை. முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் விட்டுப்போன நாயை, நாமும் முகத்தைப் பார்த்தே எடுத்து வரக்கூடாது. அங்கே தினம் சோறு வைப்பவரிடம் பேசுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா, குழந்தைகளைக் கண்டால் எப்படி, யார் தொட்டால் பயப்படுகிறது என்று கேளுங்கள். உறுமும் நாய் கெட்ட நாய் இல்லை, ஆனால் ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது சரிவராமல் போகலாம். கூண்டில் விடாமல் குரைக்கும் நாய் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்றில்லை. பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஏறக்குறைய சரியான கணக்குதான். லட்டுவைத் திருப்பிக் கொடுக்க வந்தது அதில் இரண்டாவது கட்டம் முடிந்த நேரத்தில்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் முதல் மாதத்திலேயே முடிந்துவிடட்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கதவும் பால்கனியும் கவனம், புது நாய்கள் அதிகம் தொலைந்துபோவது அந்த நாட்களில்தான்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், எடுத்த காப்பகத்துக்கே போன் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. காப்பகத்தினர் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை. ஈசிஆர் ஓரத்திலோ பைபாஸிலோ இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி அது குற்றம். அப்படி விடப்பட்ட ஸ்பானியலை நான் மேசையில் கிடத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கிளினிக் கதவு திறக்கும்போதும் அது தலையைத் தூக்கிப் பார்த்தது.