ட்ரோன் என்பதற்குத் தும்பி

பொங்கலுக்கு ஊருக்கு வந்த தம்பி, கண்மாய்க் கரையில் ஓலைப்பாய் ஒன்றை விரித்து, தூசி ஏறாமல் அதன் மேல் தன் புதுக் கருவியை வைத்தான். மடக்கியிருந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியது. நான்கு கைகளையும் விரித்து முடுக்கியதும் நான்கு விசிறிகளும் ரீங்கரித்தன. பாயின் ஓரங்கள் படபடக்க, அது ஆள் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. அப்பத்தா அண்ணாந்து பார்த்து, "தும்பி" என்றாள்.

எங்கள் வீட்டில் தம்பிக்கும் அதுதான் பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் தட்டான் பிடிக்க ஓடிக்கொண்டே இருப்பான். தம்பி என்ற சொல்லின் முதலெழுத்தை மட்டும் மாற்றி அப்பத்தா வைத்த பட்டப்பெயர் அது. அன்று அவள் சொன்னது பேரனையா, பறந்ததையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ட்ரோன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

ட்ரோன் என்பதே ஒரு பூச்சியின் பெயர்தான். பழைய ஆங்கிலத்தில் அது ஆண் தேனீயைக் குறித்தது. அதன் இரைச்சலிலிருந்து பிறந்த ஒலிக்குறிப்புச் சொல் என்பார்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, தேன் சேகரிக்கவும் போகாது. ஆகவே பதினாறாம் நூற்றாண்டில் அந்தச் சொல் சோம்பேறிக்கும் பெயரானது. ஒரே சுருதியில் நீளும் முனகல் ஒலியையும் அது குறிக்கும்.

அந்தப் பூச்சி விமானமான கதை ஒரு குடும்பக் கதை. பிரிட்டனில் விமானங்கள் கட்டிய ஜெஃப்ரி டி ஹேவிலண்டுக்கு அந்துப்பூச்சிகள் மேல் தீராத ஆசை. 1925-இல் தன் சிறிய விமானம் ஒன்றுக்கு 'மாத்', அதாவது அந்து, என்று பெயரிட்டார். பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்தவற்றுக்கெல்லாம் அதே பெயர் தொடர்ந்தது: ஜிப்ஸி மாத், புஸ் மாத், 1931-இல் டைகர் மாத். இந்த டைகர் மாத்தை ஒட்டி 1935-இல் விமானி இல்லாமல் வானொலி அலையால் இயங்கும் விமானம் ஒன்று உருவானது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. பூச்சிக் குடும்பத்து வழக்கப்படி அதற்கு 'குயின் பீ', ராணித் தேனீ, என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்த அமெரிக்கக் கடற்படையும் அதே போன்ற முயற்சியில் இறங்கியது. அந்தப் பணியை நடத்திய டெல்மர் ஃபார்னி, 1936-இல் தங்கள் விமானத்தை ட்ரோன் என்று குறிப்பிட்டார். ராணியைத் தொடர்ந்து வந்ததால் ஆண் தேனீ. ராணியோடு கூடியதும் ஆண் தேனீ இறந்துவிடும். சுடப்படுவதற்கென்றே பறந்த விமானத்துக்கு அந்தப் பெயர் இன்னொரு வகையிலும் பொருந்திவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, ட்ரோன் நிபுணர் குழு கூடி வகுத்த கலைச்சொல் இல்லை. பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர். பட்டப்பெயர் எவ்வளவு வலுவானது என்பதற்கு இந்தியச் சட்டமே சாட்சி. 2021 மார்ச்சில் வெளியான விதிகளின் தலைப்பில் 'ஆளில்லா வானூர்தி அமைப்பு' என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடர்தான் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றை நீக்கிவிட்டு வந்த புது விதிகளின் பெயர் ட்ரோன் விதிகள்.

தமிழில் நாம் இன்னும் மார்ச் மாதத்திலேயே நிற்கிறோம். நாளிதழ்களில் ஆளில்லா விமானம். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் ஆளில்லா வானூர்தி. இரண்டும் பிழையற்ற சொற்கள்தாம். எல்லை தாண்டிப் பறக்கும் பெரிய போர்க் கருவிகளுக்கு அவையே இருக்கட்டும். ஆனால் உள்ளங்கை அளவுள்ள ஒன்றை, கரையில் நின்று இரண்டு கட்டைவிரல்களால் ஒருவன் ஓட்டும்போது, அதை 'ஆளில்லா' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அடைமொழி ரயில்வே கேட்டுக்குப் பொருந்தும். கல்யாண வீட்டுப் படக்காரர்கள் 'ஹெலிகேம்' என்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு எப்போதும் சின்னப் பெயர்தான் வேண்டியிருக்கிறது. ட்ரோன் என்றே எழுதிவிடலாமே என்பவர்களும் உண்டு. மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்கத் தமிழ் இடம் தராது. டகரமும் முதலில் வராது. டிரோன் என்று இகரம் சேர்த்தாலும் இடறல் தீரவில்லை.

தும்பிக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. அது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: "நண்டும் தும்பியும் நான்கறிவினவே." தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் என்ற நான்கும் தும்பிக்கு உண்டு, கேட்டல் இல்லை. தம்பி எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது இந்த நூற்பா சட்டென்று நினைவுக்கு வந்தது. படத்தில் ஓசையே இல்லை. விசிறிகளின் இரைச்சலில் வேறெதுவும் பதியாது என்பதால் கேமரா ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் ஒலிவாங்கி வைப்பதில்லை. கண் உண்டு, காது இல்லை.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை அறியாதவர் குறைவு. "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி, காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்கிறான் தலைவன். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். மேலே போய்ப் பார்த்து வரும் கேமராவிடம் இதைவிட வேறென்ன கேட்கப் போகிறோம்? பூந்தாது தேடி வாழ்கிறது என்பதால் அந்தத் தும்பி வண்டினம்தான். திருவாசகத்தில் மாணிக்கவாசகர் "சென்றூதாய் கோத்தும்பீ" என்று அழைப்பதும் அரச வண்டையே. இன்று நாம் தும்பி என்பது தட்டானை. பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் தட்டானுக்குத் தேன் வேண்டாம். பழைய பொருள் வேறு, புதிய பொருள் வேறு. வியப்பு என்னவென்றால் இந்தக் கருவிக்கு இரண்டும் பொருந்துகின்றன. வண்டு என்று கொண்டால் ட்ரோன் என்ற சொல்லின் முதல் பொருளான ஆண் தேனீக்கு நெருங்கிய உறவு. தட்டான் என்று கொண்டால் உருவமே ஒத்துப்போகிறது. தட்டானின் நான்கு இறக்கைகளும் தனித்தனியே அசையக்கூடியவை. அதனால் அது அந்தரத்தில் நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் நழுவும். இங்கே நான்கு விசிறிகள். ஒவ்வொன்றின் வேகத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துத்தான் நிற்கவும் திரும்பவும் வைக்கிறார்கள்.

தும்பியை மேலே அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபோதுதான் எங்கள் கண்மாயின் உருவம் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகள் நடந்த கரை. நடக்கையில் நேராகத்தான் தோன்றும். மேலிருந்து பார்த்தால் கிழக்கே வளைத்துப் பிடித்த வில். நிலம் மேற்கிலிருந்து சரிகிறது, வரும் நீரைக் கரை கிழக்கில் கைகோத்து மறிக்கிறது. கலுங்கு வழியே மிஞ்சும் நீர் மறுகாலாக இறங்கிப் போகும் இடத்தில் இன்னொரு வில். அதற்கும் அப்பால் மங்கலாக மற்றொன்று. மறுகாலின் பாதித் தூரத்தைச் சீமைக் கருவேலம் மூடியிருந்தது. கல்யாணமாகி வந்தபோது அதில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்ததாக அப்பத்தா சொன்னாள்.

பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வயல்களைத் தேட ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் ஒவ்வொரு செய்க்கும் ஒரு பெயர் உண்டு. கோணச்செய், அகப்பைச்செய் என்று கேட்டு வளர்ந்தேனே தவிர ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததில்லை. திரையில் அகப்பை அப்படியே கிடந்தது: உருண்ட ஒரு செய், அதிலிருந்து மடை வரைக்கும் காம்பாக நீளும் ஒடுக்கமான நிலம். வானத்தில் ஏறாதவர்கள், வரப்பில் நடந்தே அந்த உருவத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். மின்கலம் தீரப்போகிறது என்று கருவி கூவத் தொடங்கியது. தம்பி இறக்கப் போனபோது, கோணச்செய்யை இன்னும் பார்க்கவில்லை என்று அப்பத்தா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.