எந்தத் தேதி, எந்த ரேட்?

சென்ற ஆண்டு ஒரு பாகப் பிரிவினைக் கணக்கு என் மேசைக்கு வந்தது. தகப்பனார் ஷார்ஜாவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடு எழும்பியது. எவ்வளவு அனுப்பினார் என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள் தகராறு. டைரியில் உள்ள திர்ஹம் அத்தனையையும் கூட்டி 22.60-ஆல் பெருக்கிக்கொண்டு வந்திருந்தார் தம்பி. அன்று காலை கைபேசி காட்டிய ரேட் அது. "அப்போ ஏது சார் இந்த ரேட்?" என்று அண்ணன் இணையத்திலிருந்து எடுத்த வருடாந்திர சராசரிப் பட்டியலை நீட்டினார்.

நான் கேட்டது அப்பா பணம் அனுப்பிய வங்கி டிராஃப்ட் நகல்களை. ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன.

1991 ஜூன் மாத நகல் ஒன்றில் 2,000 திர்ஹமுக்கு 11,400 ரூபாய். அதே வருஷம் ஆகஸ்டில் அதே 2,000 திர்ஹமுக்கு 13,900 சொச்சம். அண்ணனின் பட்டியலில் 1991-க்கு ஒரே ஒரு எண், ஆறு ரூபாய் சொச்சம். ஜூனில் அனுப்பியதற்கு அது அதிகம், ஆகஸ்டில் அனுப்பியதற்குக் குறைவு. அவர் அப்பா அந்த இரண்டு மாதங்களிலும் அந்த விலைக்குப் பணம் மாற்றவே இல்லை.

நடுவில் நடந்தது இதுதான். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில், ரிசர்வ் வங்கி ஜூலை 1-ம் தேதி ரூபாயைச் சுமார் 9 சதவீதமும், ஜூலை 3-ம் தேதி மேலும் 11 சதவீதமும் இறக்கியது. 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐ நெருங்கியது. அந்த வாரத்துச் சம்பளத்தை ஒரு வாரம் தாமதித்து அனுப்பியவர்களுக்கு அதிர்ஷ்டம். டிராஃப்டில் ஏறியது திர்ஹம் விலைதானே, டாலர் எங்கே வந்தது என்று தம்பி கேட்டார். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம் என்பது பல பத்தாண்டுகளாக அசையவில்லை. ஆகவே அந்தக் காலம் முழுக்க ரூபாய்–திர்ஹம் வரலாறு என்று தனியாக ஒன்று கிடையாது. ரூபாய்–டாலர் வரலாற்றை 3.67-ஆல் வகுத்தால் அதுதான் இது.

(அதற்கும் முன்பு அங்கே ஓடியது நம் ரூபாயேதான். 1959-ல் வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் ரிசர்வ் வங்கி நோட்டு அடித்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், அதுவரை அதை வைத்திருந்த கத்தாரும் இன்றைய அமீரகப் பகுதிகளும் கைவிட்டன.)

இன்னொரு பொறி 1992 மார்ச் முதல் ஒரு வருஷம். அப்போது ரூபாய்க்கு இரண்டு விலை. வரும் அந்நியப் பணத்தில் 40 சதவீதம் அரசு விலையிலும், 60 சதவீதம் சந்தை விலையிலும் மாற்றப்பட்டன. 1993 மார்ச்சில்தான் இரண்டும் ஒன்றாயின. வரைபடத்தில் இந்த வருஷமும் ஒரே கோடாகத்தான் தெரியும். அந்தக் கோடு எந்த விலையைக் காட்டுகிறது என்று கேட்காமல் நான் எந்தப் பட்டியலையும் தொடுவதில்லை.

சுதந்திர தினம் நெருங்கினால் வரும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் சொல்லிவிடுகிறேன்: "1947-ல் ஒரு ரூபாய் ஒரு டாலர்." இல்லை. அன்று ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது பவுண்டுக்கு 13.33 ரூபாய். பவுண்டு அப்போது 4.03 டாலர். வகுத்துப் பாருங்கள், டாலருக்கு 3.31 ரூபாய் வரும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்க, ரூபாயும் கூடவே இறங்கியது. பவுண்டில் கணக்கு வைத்திருந்தவருக்கு அதே 13.33, ஒன்றுமே நடக்கவில்லை. டாலரில் வைத்திருந்தவருக்கு 4.76, அதாவது 44 சதவீத ஏற்றம். எந்த நாணயத்துக்கு எதிரே என்று சொல்லாமல் "ரூபாய் விழுந்தது" என்பது பாதி வாக்கியம்.

1966 ஜூன் 6-ல் 4.76 என்பது 7.50 ஆனது. மதிப்புக் குறைப்பு 36.5 சதவீதம் என்பார் ஒருவர், டாலர் 57.5 சதவீதம் ஏறியது என்பார் இன்னொருவர். இரண்டும் சரி. முதலாமவர் ரூபாயை டாலரில் அளக்கிறார், அடுத்தவர் டாலரை ரூபாயில். இதற்காக இருவர் சண்டையிட்டதை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் டாலரில் சம்பளமும் டிவிடெண்டும் வாங்குபவர்கள் வருமான வரிக் கணக்குக்காக ஜூலை மாதம் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் கூகுள் ரேட்தான். அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் எண். வங்கியில் அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் டாலர் மாற்றித் தருவதில்லை. 1962 வருமான வரி விதிகளின் 115-ம் விதி கேட்டது வேறு: பாரத ஸ்டேட் வங்கியின் டிடி (TT, அதாவது தந்திவழிப் பணமாற்ற) பையிங் ரேட், அதுவும் பணம் வந்த நாளுக்குரியது அல்ல. செப்டம்பர் சம்பளத்துக்கு ஆகஸ்ட் 31-ம் தேதி ரேட். அது ஞாயிறாக வாய்த்தால் முந்தைய வேலை நாளின் ரேட்டை எடுப்பது எங்கள் வழக்கம். வங்கி தினமும் வெளியிடும் கார்டு ரேட் தாளை மாதக் கடைசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் அலைச்சல்தான். அந்தத் தாளில் டிடி (TT), பில், கரன்சி நோட்டு என்று வரிசையாக இருக்கும். நோட்டுக்கான விலையை எடுத்துப் போட்டுவிட்டு வரி குறைந்ததே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

சகோதரர்களின் கணக்குக்கு மூன்று நாள் பிடித்தது. நகல் இருந்தவற்றுக்கு அதில் உள்ள ரூபாயையே எடுத்துக்கொண்டேன். நகல் தொலைந்தவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள டிராஃப்டுகளின் விலை. மிஞ்சியவை 1989, 90-ல் டைரியில் இருந்த பதினோரு வரிகள். அவற்றுக்கு டிராஃப்டே இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ரேட் வங்கி விலையைவிட நன்றாகவே அதிகம். உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஹவாலா வழியில் வந்த பணம். அவற்றைக் கூட்டலில் சேர்க்காமல் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். மற்ற எல்லா எண்ணுக்கும் என்னோடு வாதாடிய இருவரும், அந்தத் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.