எழுதியதில் பெரும்பகுதியை வெட்டி எறியும் செல்

தசைகளுக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் மரபணு அசாத்திய நீளம்: 20 லட்சம் எழுத்துகளுக்கும் (மரபுச் செய்தியை எழுதும் வேதி அலகுகள்) மேல். அதை ஒருமுறை ஆர்என்ஏவாகப் படியெடுக்கவே செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. ஆனால் புரதம் செய்ய வெளியே போகும் எம்ஆர்என்ஏவில் இருப்பது ஏறக்குறைய 14,000 எழுத்துகள்தான். மீதி 99 சதவீதமும் உட்கருவுக்குள்ளேயே வெட்டி வீசப்படுகிறது.

முழுதும் எழுதி முடித்து அப்புறம் திருத்தலாம் என்று செல் காத்திருப்பதில்லை. இழை 20, 30 எழுத்து நீண்டதுமே முன்முனையில் ஒரு தொப்பி ஏறிவிடும். மெத்தில் சேர்ந்த குவானோசின் அது. தலைகீழாக ஒட்டியிருப்பதால், முனையிலிருந்து அரித்துத் தின்னும் நொதிகளுக்குப் பிடி கிடைக்காது. மறுமுனையில் ஏஏயுஏஏஏ என்ற குறிக்குச் சற்றுத் தள்ளி இழை அறுபட்டு, மரபணுவில் இல்லாத சுமார் 200 ஏ எழுத்துகள் வாலாகக் கோக்கப்படும்.

நடுவில் நடப்பதுதான் வேடிக்கை. வெட்டவேண்டிய துண்டுக்கு இன்ட்ரான் என்றும், தங்கவேண்டிய துண்டுக்கு எக்ஸான் என்றும் பெயர். இன்ட்ரான் பெரும்பாலும் ஜியு என்று தொடங்கி ஏஜி என்று முடியும். ஸ்ப்ளைசோசோம் என்ற பெரிய கூட்டமைப்பு இரண்டையும் பக்கத்தில் கொண்டுவருகிறது. இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஏ, ஜியுவுக்கு முன்னுள்ள பிணைப்பை உடைத்து, அந்த முனையைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். இன்ட்ரான் சுருக்குக் கயிறாக வளையும். விடுபட்ட எக்ஸான் அடுத்த எக்ஸானோடு ஒட்டிக்கொள்ள, சுருக்கு கழன்று விழும். இத்தனைக்கும் கத்தரிக்கோலாக வேலை செய்வது புரதமல்ல, ஸ்ப்ளைசோசோமில் உள்ள சிறு ஆர்என்ஏதான்!

1977 வரை இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடினோவைரஸின் எம்ஆர்என்ஏவை அதன் டிஎன்ஏவோடு ஜோடி சேர்த்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஜோடி கிடைக்காத டிஎன்ஏ பகுதிகள், அதாவது இன்ட்ரான்கள், வளையங்களாகத் துருத்தி நின்றன. தனித்தனியே இதைக் கண்ட ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டு ஓர் எழுத்து பிசகினாலும் வம்புதான். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் ஒரு வகையில், ஹீமோகுளோபினின் பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய மரபணுவின் முதல் இன்ட்ரானில் 110ஆவது எழுத்தான ஜி, ஏ ஆகிவிடுகிறது. அவ்வளவுதான், அங்கே புதிதாக ஓர் ஏஜி முளைத்துவிடும். ஸ்ப்ளைசோசோம் பெரும்பாலும் அதையே எல்லை என்று நம்பி வெட்ட, 19 எழுத்துகள் எம்ஆர்என்ஏவில் தங்கிவிடுகின்றன. எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம், எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும். 19 மூன்றால் வகுபடாது. அதற்குமேல் வாசிப்பு தடம்புரண்டு, சீக்கிரமே நிறுத்தக்குறி வந்துவிடும். அசல் ஏஜியில் தப்பித்தவறி சரியாக வெட்டுப்படும் கொஞ்சம் எம்ஆர்என்ஏவிலிருந்துதான் அந்த மரபணுவுக்குரிய நல்ல குளோபின் கிடைக்கிறது.