தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏன் ஏறுகிறது?

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தி போன ஐப்பசியில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 14. பின்னாலேயே போனில் அழைத்தார். "தைராய்டு ரொம்ப ஏறிப்போச்சு கண்ணு. நாலுக்குள்ள இருக்கணுமாம்."

உண்மையில் சித்திக்குத் தைராய்டு ஹார்மோன் ஏறவில்லை, இறங்கியிருந்தது. இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சித்தி வீட்டு மேல்தொட்டியை வைத்தே சொல்கிறேன். ஒகேனக்கல் தண்ணீர் சம்ப்பில் விழும். சித்தப்பா மாடியில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். தண்ணீர் குறைந்திருந்தால் "மோட்டாரைப் போடு" என்று குரல் கொடுப்பார். நிரம்பிவிட்டால் பேசாமல் இருப்பார். மோட்டார் சரியாக இழுக்காத நாளில் அவர் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

நம் உடம்பில் அந்த மோட்டார், முன்கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பி. தொட்டித் தண்ணீர், அது சுரக்கும் ஹார்மோன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் மாடியில் நிற்கும் ஆள். டி.எஸ்.எச். அதன் குரல். 14 என்றால், மோட்டார் மந்தமாகிவிட்டதால் மேலே இருப்பவர் கத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த ஹார்மோன் குறைந்தால் உடம்பு முழுக்க வேகம் குறையும். அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்வு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று வரும். கொலஸ்ட்ராலும் ஏறும். சித்தி இதையெல்லாம் வயசுக் கோளாறு என்று ரெண்டு வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் ஏன் மந்தமாகிறது? அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோனே உருவாகாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும். அது கிடைக்காமல் போனால், ஓயாத டி.எஸ்.எச். தூண்டுதலில் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலையாகத் தெரியும். அயோடின் உப்பு வந்தபின் இன்னொரு காரணம்தான் முன்னால் நிற்கிறது: உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி அழிப்பது. இதை 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிக அதிகம்.

கிரேவ்ஸ் நோயில் கதை தலைகீழ். எதிர்ப்பு சக்தி உண்டாக்கும் ஒரு புரதம், சித்தப்பா குரலிலேயே வேறு யாரோ "போடு, போடு" என்பது போலத் தைராய்டைத் தூண்டும். தொட்டி வழியும். படபடப்பு, கைநடுக்கம், மெலிவு வரும். நிஜச் சித்தப்பா வாயை மூடிக்கொள்வதால் டி.எஸ்.எச். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அபூர்வமாக, பிட்யூட்டரியே பழுதாகி, ஹார்மோன் குறைந்தும் குரல் எழாமல் போவதுண்டு. அதனால்தான் டாக்டர்கள் சில சமயம், தைராய்டு ஹார்மோனையே நேராக அளக்கும் ஃப்ரீ டி4-ம் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

சரி, சித்திக்கு வருகிறேன். ரெண்டு மாதம் தைராய்டு ஹார்மோன் மாத்திரை போட்டும் 14 என்பது 11-க்குத்தான் இறங்கியது. டோஸை ஏற்றுவதற்கு முன் டாக்டர் ஒன்று கேட்டார்: "எப்போ போடறீங்க?" காலையில் ராகிக்கூழ் குடித்த கையோடு, சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து. அங்கேதான் சிக்கல். கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். ராகியிலும் கால்சியம் ஏராளம், நார்ச்சத்தும் உண்டு. காபியும் இரும்புச்சத்து மாத்திரையும்கூட இப்படித்தான் தடுக்கும். ராகியை விட வேண்டியதே இல்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

இப்போது சித்தி பால் கறக்க எழும் ஐந்தரை மணிக்கே வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போடுகிறார். கூழ் ஏழு மணிக்கு, கால்சியம் ராத்திரிக்கு. பத்தே நாளில் "மறுபடி ரத்தம் குடுக்கட்டா?" என்றார். பொறுக்கச் சொன்னேன். மாத்திரையில் இருக்கும் டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைத்து, பிட்யூட்டரி அதை உணர்ந்து அடங்க ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். மாசியில் பார்த்தபோது 3.4.