பிழைத்த பிள்ளையும் வளர்ந்த பிள்ளையும்

உயரம் அளக்கிற பலகையில் கிடத்தினால் பிள்ளைகள் கத்தும். தலையை ஒருவர் பிடிக்க வேண்டும், முழங்காலை இன்னொருவர் அமத்த வேண்டும், பாதத்தில் கட்டை வந்து முட்ட வேண்டும். தாய்மாருக்கு இது பிடிப்பதில்லை. "நிறை பாத்தாச்சுதானே டொக்டர், இது என்னத்துக்கு?" என்பார்கள். திருகோணமலை மாவட்டத்தின் கிராமக் கிளினிக்குகளில் என் வேலையில் பாதி அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் மூதூர்ப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். மூத்தவன் கிளிவெட்டி இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவன். இளையவள் ஊருக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் பிறந்தவள். வீட்டில் கரண்ட் இருக்கிறது, வாசல் வரைக்கும் றோட்டு இருக்கிறது. இளையவளின் வளர்ச்சிக் கோடு எட்டாம் மாதத்தில் இருந்து படுத்துவிட்டது. தாய் சொன்னார்: "முகாமில பிறந்தவன் நல்லா வளந்தான் டொக்டர். வீட்ட வந்து பிறந்ததுதான் வளருதில்ல."

பக்கத்தில் நின்ற ஒருவர், படித்தவர், சட்டென்று ஒரு பதில் வைத்திருந்தார். "யுத்தம் நடந்த இடம்தானே, அப்பிடித்தான் இருக்கும்." இந்த வசனத்தை நான் கூட்டங்களில், அறிக்கைகளில், தேநீர்க்கடையில் என்று எண்ணிக்கையில்லாமல் கேட்டிருக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த வழி, யுத்தம் கண்ட இரண்டு சின்ன நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. யுத்தம்தான் காரணம் என்றால் இரண்டிலும் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ருவாண்டாவும் புருண்டியும் ஆபிரிக்காவின் நடுவில் ஒட்டிக் கிடக்கும் நாடுகள். இரண்டையும் சேர்த்தாலும் இலங்கையை விடச் சிறியவை. கடல் கிடையாது. மலையும் மேடும், மேட்டில் அவரை, வாழை, வத்தாளை, மரவள்ளி. ஜேர்மனியர் ஆண்டு, பிறகு பெல்ஜியர் ஆண்டு, இரண்டும் ஒரே நாளில், 1962 ஜூலை 1ஆம் தேதி, சுதந்திரம் பெற்றன. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும். ஹுட்டு, டுட்சி என்ற அதே இனப் பிளவு இரண்டிலும். 1994 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இரண்டு நாட்டு ஜனாதிபதிகளும் ஒன்றாகவே இறந்தார்கள். அதன் பின் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேரளவில் கொல்லப்பட்டார்கள். புருண்டியில் யுத்தம் அதற்கு முன்பே, 1993இல், தொடங்கி 2005 வரையும் அதற்கு அப்பாலும் இழுபட்டது. மூன்று லட்சம் பேர் வரை போனார்கள். ஒன்று மின்னல் மாதிரி விழுந்தது, மற்றது வருடக்கணக்காகப் புகைந்தது. எங்களுக்கு இரண்டாவது வகைதான் பழக்கம்.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். இரண்டு நாடுகளிலும் வீடு வீடாகப் போய் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அளந்த கணக்கு இருக்கிறது. ருவாண்டாவில் 2005இல் நூறு பிள்ளைகளில் 51 பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். 2010இல் 44, 2015இல் 38, 2020இல் 33. புருண்டியில் 2010இல் 58. ஆறேழு வருடம் கழித்து அளந்தபோது 56.

இந்த 58க்கும் 56க்கும் இடையில் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். ஏனென்றால் புருண்டி சும்மா இருக்கவில்லை. 2006 மே 1ஆம் தேதி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் இலவசம் என்று அந்த நாடு அறிவித்தது. அதற்கு முன் வைத்தியசாலைக் கட்டணம் கட்ட முடியாத தாய்மாரைப் பிள்ளையோடு தடுத்து வைத்திருந்த நாடு அது. அறிவிப்பு வந்ததும் சனம் அள்ளுப்பட்டு வந்தது. மருந்தும் ஆட்களும் போதவில்லை, தாதிமார் திணறினார்கள், ஆனாலும் பலன் கிடைத்தது. ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் 2010 கணக்கில் ஆயிரத்துக்கு 96 என்று இருந்தது, அடுத்த கணக்கில் 78 ஆகக் குறைந்தது. ஆக, பிள்ளைகள் பிழைத்தார்கள். வளரவில்லை.

பிழைக்க வைப்பதைக் கிளினிக்கால் ஓரளவு செய்ய முடியும். தடுப்பூசி, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புக் கரைசல், சளிச்சுரத்துக்கு மருந்து, நுளம்பு வலை. இவை கதவைத் தாண்டி வந்தால் கையில் கொடுக்கக்கூடியவை. உயரத்தை அப்படிக் கொடுக்க முடியாது. கர்ப்பிணித் தாயின் சாப்பாடு, ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் வாய்க்குப் போகும் கவளம், குடிக்கும் தண்ணீர், முற்றத்தில் மேயும் கோழியின் எச்சம், தாய் வயலில் நிற்கும் மணித்தியாலங்கள், எல்லாம் சேர்ந்துதான் ஒரு சென்ரிமீற்றர். புருண்டியில் பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் கமக்காரர். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு ஏக்கரும் கொஞ்சமும் காணி. அதிலேயே வீடு முழுக்கச் சாப்பிட வேண்டும், அதிலேயே விற்கவும் வேண்டும். தன்சானியாவில் அகதிகளாக இருந்தவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணியில் வேறு யாரோ பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு வேறொரு நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. 2006இல் யுத்தத்தால் மூதூர்ப் பக்கத்துச் சம்பூரை விட்டு ஓடியவர்கள் தங்கள் காணிக்குள் கால் வைக்க 2015, 2016 ஆனது. ஒன்பது, பத்து வருடம் முள் மண்டிய கிணறும் பொட்டலும் ஒரே மழையில் தோட்டமாகிவிடாது.

பிறகு 2015இல் புருண்டியில் ஜனாதிபதியின் மூன்றாம் தடவைப் பதவிக்கான இழுபறி, திரும்பவும் லட்சக்கணக்கில் சனம் எல்லை கடந்தது, உதவி கொடுத்த நாடுகள் கையை இழுத்துக்கொண்டன.

ருவாண்டா என்ன செய்தது? கிராமத்துக்கு மூன்று பேரை ஊர்ச்சனமே தெரிவு செய்தது, அவர்கள்தான் அந்த ஊரின் சுகாதாரத் தொண்டர்கள். நாடு முழுக்க 45,000 பேரளவில் இருந்தார்கள். சம்பளம் இல்லை, அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலையைப் பார்த்துப் பணம் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் கதவு அவர்களுடையது. வைத்தியத்துக்கு ஆளுக்கு வருடாந்தம் ஒரு சிறு தொகை கட்டும் காப்புறுதி; வசதி உள்ளவர் கூடக் கட்டுவார், மிக வறியவருக்கு அரசாங்கம் கட்டும். 1999இல் மூன்று மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, அதன் பிறகே நாடு முழுக்க விரித்தார்கள். ஒரே நாளில் கதவைத் திறந்த புருண்டியை விட இது மெதுவான வழி. 2006இல் இருந்து வறிய வீட்டுக்கு ஒரு பசு. முதல் பெண் கன்றை அயல்வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். தம்பலகாமத்திலும் தோப்பூரிலும் மாடு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கன்றைக் கொடுக்கிறதா என்று முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள்.

ஆனால் ருவாண்டாவைத் தூக்கி வைத்துக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மாவட்டத் தலைவர்கள் வருடா வருடம் ஜனாதிபதியோடு இலக்குகளில் கையெழுத்துப் போடும் நாடு அது. 2024 தேர்தலில் அந்த ஜனாதிபதிக்கு விழுந்தது நூற்றுக்கு 99 வீதம். அப்படியான இடத்தில் ஒரு சுகாதாரத் தொண்டர் "என் ஊரில் பிள்ளைகள் மெலிகிறார்கள்" என்று எழுதத் துணிவாரா? இலக்கு என்ற சொல்லுக்கு நானும் கொஞ்சம் பயந்தவன். ஒரு வருடம் எங்கள் பக்கத்துப் பிரிவு ஒன்றில் நிறை குறைந்த பிள்ளைகளின் தொகை மூன்று மாதத்துக்குள் பாதியாக விழுந்தது. மேலிடத்தில் இருந்து பாராட்டும் வந்தது. போய்ப் பார்த்தால், தராசில் பிள்ளையைச் சட்டையோடும் செருப்போடும் வைத்து நிறுத்திருக்கிறார்கள். நிறை கூடினால் கேள்வி வராது, குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். அந்தப் பிரிவின் மிட்வைஃப் மேல் நான் கோபப்பட்டேன், பிறகு யாருக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது என்று தெரிந்ததும் கோபம் இடம் மாறிவிட்டது. ருவாண்டாவின் 33 எனக்கு நம்பக்கூடியதாக இருப்பதற்கு ஒரு காரணம், அது கிளினிக் பதிவேட்டில் இருந்து கூட்டிய கணக்கு இல்லை, வீட்டுக்குப் போய் அளந்தது. இன்னொரு காரணம், அது இன்னும் வெட்கப்பட வேண்டிய இலக்கம். பொய் சொல்கிறவர்கள் மூன்றில் ஒரு பிள்ளை குள்ளம் என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கணக்கையும் சொல்லத்தானே வேண்டும். 2016இல் இலங்கை முழுக்க அளந்தபோது உயரம் குன்றிய பிள்ளைகள் நூற்றுக்கு 17. ருவாண்டா, புருண்டியோடு பார்த்தால் ஆறுதல்தான். ஐந்து வயதுக்குள் இறப்பு ஆயிரத்துக்கு 11. அதுவும் பெருமைப்படக்கூடியது, எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது மிட்வைஃப்மார், சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஒழுங்கையில் ஓடி உழைத்தது. ஆனால் மெலிவு, அதாவது உயரத்துக்குரிய நிறை இல்லாமை, 15. ருவாண்டாவில் அது 1. புருண்டியில் 5. இதை முதல் தடவை அடுத்தடுத்து எழுதி வைத்தபோது எழுத்துப்பிழை என்று நினைத்து மூலத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். பிழையில்லை. இது தெற்காசியா முழுக்க உள்ள சங்கதி. தாயின் மெலிவும் நிறை குறைந்த பிறப்பும் இதில் கைகோத்து நிற்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் குள்ளமாக, ஆனால் உருண்டு இருக்கும். எங்களுடையது ஒடிசலாக இருக்கும், "அப்பாவ மாதிரி ஒல்லி" என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். அந்த 2016 கணக்கு, 2022க்கு முந்தியது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வருடம் செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்துக்கு முந்தியதை விட ஏறத்தாழ இருமடங்கு. பால்மாவும், கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவும் இல்லாத மாதங்கள் இருந்தன. அப்போது ஒரு வயதாக இருந்த பிள்ளைகள்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் முன்வாங்கில் இருக்கிறார்கள்.

மாற்றம் வரவில்லை என்று சொன்னால் பொய். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். முன்பு மூதூரில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் திருகோணமலைக்குக் கொண்டுவர எத்தனை துறையில் "பாதை"க்கு, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு, காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பாலத்தால் தப்பிய தாய்மாரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் 2021 நவம்பர் 23ஆம் தேதி பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். பெரிய பாலத்தின் படம் எல்லா அறிக்கையிலும் இருக்கும்.

அந்தத் தாயிடம் திரும்புகிறேன். முகாமில் மூத்தவன் ஏன் வளர்ந்தான்? கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். முகாமில் நிவாரணம் வந்தது, பருப்பும் எண்ணெயும் தவறாது. சத்துமா கொடுத்தார்கள், ஒவ்வொரு கிழமையும் யாராவது வந்து பிள்ளையை நிறுத்தார்கள். அம்மம்மா கூடவே இருந்தார். ஊருக்கு வந்த பிறகு நிவாரணம் நின்றது. வீடு பாதியில் நின்றதால் நுண்கடன் எடுத்தார்கள், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கணவர் கடலுக்குப் போகிறார். தாய் காலை ஆறு மணிக்கு வெங்காயத் தோட்டத்துக் கூலிக்குப் போகிறார். பிள்ளையைப் பார்ப்பது ஏழு வயது அண்ணன்.

"புள்ளைக்கு மீன் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். மீன்பிடிக்கிற வீடுதானே.

"ஆணம் குடுப்பன் டொக்டர். துண்டு முள்ளு."

நல்ல மீன் விடியமுன் லொறியில் ஏறிவிடும். மிச்சமாக வருவது சாளை, கீரி, நெத்தலி. ஒரு வயதுப் பிள்ளைக்கு அவைதான் சரியான மீன், ஆனால் வீட்டில் அதற்கு மதிப்பில்லை, "சில்லறை மீன்". முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டுக் கொடுக்கலாம். தண்ணிக் கஞ்சியும் சொதியும் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் பிள்ளையை வளர்க்காது. ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியான சாப்பாடு, ஒவ்வொரு நாளும் முட்டையோ மீனோ பருப்போ ஏதாவது ஒன்று, முருங்கை இலை, ஒரு பழம். முட்டை பிள்ளைக்கு ஆகாது என்று தள்ளி வைக்கும் பழக்கம் எங்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

வளர்ச்சிப் புத்தகத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். நிறைக்கோடு மட்டும் குறித்திருந்தால் அடுத்த கிளினிக்கில் உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இரண்டு வயது ஆண்பிள்ளையின் நடுத்தர நீளம் 87.8 சென்ரிமீற்றர், 81.7க்குக் கீழே போனால் உயரம் குன்றியதாகக் கொள்வோம். பெண்பிள்ளைக்கு 86.4, கீழ் எல்லை 80. கோடு இரண்டு மாதம் தொடர்ந்து படுத்திருந்தால் எல்லைக்குக் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டாம். இழந்த உயரத்தில் பெரும்பங்கு முதல் ஆயிரம் நாளில், கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள், இழக்கப்படுவது. பிறகு மீட்பது கஷ்டம். மெலிவு அப்படியில்லை, கவனித்தால் சில மாதத்தில் சரிவரும். அதனால்தான் எங்கள் 15 என்னைத் தூங்க விடாமல் செய்கிறது, எங்களால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்ட கணக்கு அது.

அந்தக் கிளினிக்கில் நாங்கள் பெரிய திட்டம் ஒன்றும் தொடங்கவில்லை. அம்மம்மா தோப்பூரில் மாமா வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. அவரைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். கணவரைக் கிளினிக்குக்கு வரச் சொன்னோம். மூன்றாம் தடவை சொன்ன பிறகு வந்தார், வலையில் இருந்து நேரே, உப்பு மணத்தோடு. சில்லறை மீன் விஷயத்தை மனைவியை விட அவர்தான் கவனமாகக் கேட்டார்.

நான்கு மாதம் கழித்துப் பிள்ளையைப் பலகையில் கிடத்தினோம். வழக்கம் போலக் கத்தினாள். நான் தலையைப் பிடித்தேன், மிட்வைஃப் முழங்காலை அமத்திக் கட்டையை முட்ட வைத்தார்.

"நாலு சென்ரிமீற்றர் கூடியிருக்கு டொக்டர். எழுதட்டா?"

"செருப்பு கழட்டினதா?"

"கழட்டினது."

"இன்னொருக்கா அளப்பம்."

இரண்டாம் தடவை 3.6. அதையே எழுதினார்.