சட்டென்று கேட்கும் மருந்தும் மெல்லக் கேட்கும் மருந்தும்

ஆஸ்துமா வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு என்பார்கள். அந்த விசில் சத்தமும் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

நுரையீரலுக்குள் கிளைகிளையாகப் பிரியும் மூச்சுக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. தூசியோ குளிர்காற்றோ பட்டதும் அது இறுகுகிறது. உள்சுவர் வீங்குகிறது, சளியும் சேர்ந்துகொள்கிறது. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஆகும். ஆளையே உலுக்கிவிடுவது இதுதான்.

இந்த நேரத்தில் கை தேடுவது சால்பியூட்டமால் இன்ஹேலரை. மருந்து தசைச் செல்களின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பிகளில், அதாவது அதற்கென்றே உள்ள புரதங்களில், ஒட்டிக்கொள்ள, தசை தளர்ந்து கொடுக்கிறது. சில நிமிடங்களில் மூச்சு இளகும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். இதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம் என்றால், இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வரும் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. வேண்டிய இடத்துக்கே நேராகப் போவதால் அவ்வளவு போதும். ஆனால் போய்ச் சேர வேண்டுமே! 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகள்தான் ஆழத்துக்கு இறங்கும். பெரியவை தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். இது கை வராதவர்கள், மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக இழுக்க விடும் ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலரில் மாட்டிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, தசை தளர்ந்துவிட்டது. வீக்கம்? அது அப்படியே இருக்கிறது. அதைக் குறைப்பது பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். இது செல்லுக்குள் நுழைந்து, அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களின் வேலையை அடக்குகிறது. அதற்கு நாள்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாததால், "இது கேட்கவில்லை" என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமான இடம் இதுதான், ஏனென்றால் அடுத்த இளைப்பைத் தடுப்பதே இந்த மருந்துதான். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டும் பயப்படுகிறார்கள். இதன் அளவோ மைக்ரோகிராம் கணக்கு. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயில் பூஞ்சை படியும் வாய்ப்பும் குறையும்.

2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று மாற்றிச் சொன்னது. இப்போது அது முன்வைக்கும் வழி, தசையைத் தளர்த்திச் சீக்கிரம் வேலை செய்யும் ஃபார்மோட்டெரால் என்ற மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒரே இன்ஹேலரில் சேர்ப்பது. மூச்சு முட்டி அவசரமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும், மறந்துபோன அந்த மெல்லக் கேட்கும் மருந்தும் கூடவே உள்ளே போய்விடுகிறது.