விளையாட்டில் சூனியம் செய்த பிள்ளைக்குத் தண்டப்பணமா?

பணம் கட்டாதீர்கள். உங்கள் பிள்ளை இணைய விளையாட்டில் சூனியம் செய்துவிட்டான், தண்டம் கட்டாவிட்டால் பொலிஸ் வரும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதினால், ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். சில காலத்துக்கு முன் உவர்மலைப் பக்கமிருந்து ஒரு தாய் இந்த விஷயமாக என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருடைய கைபேசியில் வந்திருந்த தகவலின் மேலே அரச இலச்சினை. அதன் கீழே மகன் விளையாட்டில் வைத்திருக்கும் பெயர், 'குற்றம்: தடைசெய்யப்பட்ட மாந்திரீகம்' என்று ஒரு வரி, கூடவே விளையாட்டுத் திரையின் படம். அந்தப் படத்தில் அவன் குற்றவாளி என்று ஆங்கிலத்தில் உண்மையாகவே இருந்தது. கடைசியில் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கு இலக்கம்.

"மகனிட்டக் கேட்டன் சேர். ஓம், செய்தனான்தான் எண்டு சொல்லுறான்" என்று அழுதார்.

மகன் பொய் சொல்லவில்லை. அவன் விளையாடியது 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்'. 2019இல் அதில் பிணங்களையும் எலும்புக்கூடுகளையும் எழுப்பிச் சண்டை போடும் மந்திரவாதிப் பாத்திரம் ஒன்றைச் சேர்த்தார்கள். காட்டிலோ குகையிலோ அந்த வித்தையைக் காட்டினால் ஒன்றுமில்லை. ஊருக்குள், கணினி இயக்கும் ஊர்மக்களின் கண்ணில் படும்படி செய்தால், அந்தக் கற்பனை நாட்டில் அது குற்றம். இரத்தம் குடிக்கும் பாத்திரங்களின் சில வித்தைகளுக்கும் இதே கதிதான். உடனே தலைக்கு ஒரு விலை விழும். காவலாளி பிடித்தால் தண்டத்தைக் கட்டலாம், இல்லாவிட்டால் ஓடலாம். ஓடும்போது காவலாளி வெட்டிச் சாய்த்தால், கையிலுள்ள விளையாட்டுத் தங்கத்திலிருந்து தண்டத்தை எடுத்துக்கொள்வார்கள். எதுவும் செய்யாமல் காத்திருந்தாலும் அந்தத் தொகை மெல்ல மெல்லக் குறையும். எல்லாம் விளையாட்டுத் தங்கம். இலங்கை ரூபாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் சட்டத்தில் இதற்கு ஏதாவது தண்டனை உண்டா என்றால், இல்லை. செய்த நேரத்தில் சட்டப்படி குற்றமாக இல்லாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை சொல்கிறது. திரையில் எலும்புக்கூட்டை எழுப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் கிடையாது. விளையாட்டு நிறுவனமே கணக்கை முடக்கினாலும் அது அவர்களுக்கும் விளையாடுபவருக்கும் இடையிலான ஒப்பந்த விஷயம். அதற்காக யாரும் மறியலுக்குப் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குற்றத்துக்குத் தண்டம் விதிப்பது நீதிமன்றம். வீதியில் பொலிஸ் எழுதிக் கொடுக்கும் தண்டச் சீட்டைக்கூட நாம் தபாற்கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குகிறோம். தனியாளின் கணக்குக்குப் போகும் அரச தண்டம் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றாலே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

அப்படியானால் குற்றவாளி யார்? அந்தத் தகவலை அனுப்பியவன்தான். ஏமாற்றிப் பணம் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அரச அதிகாரியாக நடிப்பது தனிக் குற்றம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் இணையவழி மோசடிக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் இடமிருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறு விஷயம். அந்தத் தகவல் தாயிடம் வருவதற்கு முன்பே மகனிடம் வந்திருந்தது. விளையாட்டின் உரையாடல் பெட்டிக்குள் நண்பன் போலப் பேசிப் பழகியவன், தொலைபேசி இலக்கத்தை வாங்கி, பிறகு மிரட்டியிருக்கிறான். பிள்ளை தன் கைச்செலவுக் காசில் ரீலோட் போட்டு அனுப்பியிருக்கிறான். அது முடிந்த பிறகுதான் தாயின் இலக்கத்துக்கு மாறினார்கள். அவ்வளவு நாளும் அவன் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "சூனியம் எண்டா அம்மா அடிப்பா" என்றான்.

அந்தத் தாயையும் குறை சொல்ல முடியாது. செய்வினை, சூனியம் என்றாலே நடுங்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. இதனால் வீட்டுக்கு ஏதும் தோஷம் வருமா என்றும் கேட்டார். அது கோயிலில் கேட்க வேண்டிய கேள்வி. சட்டத்தில் ஒன்றும் வராது என்று மட்டும் சொன்னேன். மோசடிக்காரன் இந்தப் பயத்தைத் தெரிந்தே பிடிக்கிறான். பொலிஸ் பயம், பேய்ப் பயம் இரண்டையும் ஒன்றாக ஏவிவிட்டால் படித்தவர்களும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதனால் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது பாருங்கள். அடி விழாது என்று தெரிந்தால்தான் அடுத்த மிரட்டல் வரும்போது உங்களிடம் சொல்வான்.

அதற்காக, விளையாட்டுக்குள் எதைச் செய்தாலும் சட்டம் தொடாது என்று நினைக்கவும் வேண்டாம். நெதர்லாந்தில் 2007இல் இரண்டு பையன்கள், 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து உதைத்து, கத்தி காட்டி மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் அவனிடமிருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். திரையில் மட்டுமே உள்ள பொருள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே உறுதிசெய்தது. தாயத்துக்கு விளையாட்டில் என்ன சக்தி என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. விளையாட்டுக்கு வெளியே அந்தச் சிறுவனுக்கு என்ன செய்தார்கள் என்பதும், அவன் நேரம் போட்டுச் சேர்த்ததைப் பறித்தார்கள் என்பதும்தான் விஷயம்.

இங்கே பிள்ளைகள் அடிக்கடி மாட்டக்கூடிய இடம் கடவுச்சொல். நண்பனின் கடவுச்சொல்லைப் பார்த்து வைத்து, அவனுக்குத் தெரியாமல் கணக்குக்குள் நுழைவது பகிடி அல்ல. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் நுழைவதற்கே ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 2018இல் வந்த திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குச் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லை.

சரி, மிரட்டல் வந்துவிட்டது. என்ன செய்வது? கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். தகவல், அனுப்பிய இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், திகதி எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். விளையாட்டுக்குள் நடந்த உரையாடலையும் விடாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. மிரட்டப்பட்டது பிள்ளை என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியச் சொல்லுங்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது. எழுதியதை முழுவதும் வாசித்து, கணக்கு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.